மார்கித்துக்கு உடம்பு சரியில்லை

அந்தக் கோடையில் சோ மோரிரி ஏரிக்கு அதிகத் தடவை கிளம்பிய வெளிநாட்டுக்காரர் ஹங்கேரியைச் சேர்ந்த மார்கித் என்ற பெண்மணிதான். அத்தனை தடவையும் அவர் ஹங்கேரியை விட்டு நகரவே இல்லை என்பது வேறு விஷயம்.

விதி இதுதான். எல்லைப் பக்கத்து ஏரிகளுக்குப் போக வெளிநாட்டுக்காரர்களுக்கு பெர்மிட் வேண்டும். அதைப் பதிவு பெற்ற டிராவல்ஸ் வழியாகத்தான் வாங்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி கூடப் போக வேண்டும். ஒற்றை ஆளுக்குக் கிடையாது. குறைந்தது இரண்டு பேர். மனிதர்கள் செருப்பு மாதிரி ஜோடியாகத்தான் விற்பனைக்கு வருவார்கள் என்று நினைத்தவர்கள் எழுதிய விதி. லே விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் விவாகரத்து ஆனவர்கள். மீதிப் பேர் தங்களைத் தாங்களே தேடி வந்தவர்கள். இரண்டு வகையும் துணை கேட்காது.

அதனால் ஊரிலுள்ள எல்லா டிராவல்ஸ் மேசை இழுப்பறையிலும் சில பழைய பாஸ்போர்ட் நகல்கள் இருக்கும். தனியாக வருகிறவரின் பெயருக்குக் கீழே அதில் ஒன்றைச் சேர்த்து விண்ணப்பித்தால் இரண்டு பேருக்கு பெர்மிட் வந்துவிடும். விசா தேதிக்கு மட்டும் கம்ப்யூட்டரில் சின்ன வைத்தியம். சிந்து நதிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் “இன்னொருத்தர் எங்கே?” என்று கேட்டால், “உடம்பு சரியில்லை, லேயில் படுத்திருக்கார்” என்று வழிகாட்டி சொல்ல வேண்டும். லே இருக்கும் உயரத்துக்கு வந்து சேர்கிறவர்களில் முக்கால்வாசி நிஜமாகவே படுத்துத்தான் கிடப்பார்கள். யாரும் சந்தேகப்பட முடியாத பொய். உறைக்கு மோர் கேட்பது போல அந்த நகல்களைக் கடைக்குக் கடை கடன் வாங்கிக்கொள்வதும் உண்டு.

குன்செஸ் நடத்திய டிராவல்ஸில் அப்படிப் புழங்கிய நகல்களில் மார்கித்துடையதுதான் ராசியானது. அந்தப் பாஸ்போர்ட் படத்தில் அவர் முகம் பாதி மலை ஏறி மயக்கம் போட்டது போலவே இருக்கும்.

“அக்கா, வேற யாரையாவது போடு. மார்கித் வேணாம்” என்றான் மோருப். குன்செஸிடம் வழிகாட்டியாக இருந்தவன். சொந்தமாக ஒரு இன்னோவாவும் ஓட்டினான்.

“ஏன், அவளுக்கு என்ன குறைச்சல்?”

“பாலத்துல இஷே அண்ணன் அவளைப் பத்தி ரொம்ப விசாரிக்கிறார்.”

“போலீஸ்காரன் விசாரிக்கத்தான் செய்வான். அதுக்குத்தானே சம்பளம் குடுக்கிறாங்க.”

“அப்படி இல்லக்கா. பாசமா விசாரிக்கிறார்.”

குன்செஸ் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிர் நாற்காலியில் பெல்ஜியத்துக்காரன் யோஸ்ட் உட்கார்ந்து, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கதவு நிலையைவிட உயரமானவன். தன்னைத் தேடி வந்த வகை.

“பாசம் காட்டினா வாங்கி வச்சுக்க. உனக்கு வீட்ல கிடைக்கிறதா தெரியலை” என்றாள் குன்செஸ். விண்ணப்பம் போய்விட்டது. யோஸ்ட்டுக்கு அடுத்த பெயராக மார்கித்.

மோருப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மாதம்தான் இதே விஷயத்துக்காகக் கடைத்தெருவில் இரண்டு வழிகாட்டிகளின் பேட்ஜைப் பிடுங்கியிருந்தார்கள். பேட்ஜ் போனால் போனதுதான். மோருப்புக்கு அதற்குப் பிறகு ஒரே வழி, அவன் மனைவியின் அண்ணன் நம்கைல். நம்கைலுக்கு இரண்டு மண் தோண்டும் எந்திரங்களும் ஒரு சாலைக் காண்டிராக்டும் ஊரே கேட்கும் குரலும் உண்டு. ஒவ்வொரு லோசர் புத்தாண்டுப் பண்டிகைக்கும் எல்லோர் முன்னாலும் சாங் என்ற பார்லிக் கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, “மாப்ளே, வெள்ளைக்காரன் பின்னாடி பை தூக்கினது போதும். வந்துரு. சூப்பர்வைசர் வேலை, மஞ்சத் தொப்பி” என்பார். தொப்பியைக் கையோடு கொண்டும் வருவார். மோருப்பின் தலைக்குச் சரியான அளவு.

பாலத்துச் சாவடி என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு தடுப்புக் கம்பு, பக்கத்தில் மேகி விற்கும் ஒரு டீக்கடை. கீழே சிந்து, சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டு போகும். ஹெட் கான்ஸ்டபிள் இஷே பல்தன் அங்கே எத்தனையோ கோடைகளாக இருக்கிறார். வேறு இடத்துக்கு மாற்ற அவர் கேட்டதில்லை, மேலே இருப்பவர்களுக்கும் ஞாபகம் வரவில்லை.

பெர்மிட்டை வாங்கிப் பார்த்தவர் முகம் வாடிவிட்டது.

“மறுபடியும் மார்கித்லேயா?” பார்த்தேயிராத அந்தப் பெண்ணின் பெயரோடு மரியாதைக்கு ‘லே’ சேர்க்காமல் அவர் சொன்னதே இல்லை. “வரலையா?”

“உடம்பு சரியில்லைண்ணே. லேயில படுத்திருக்காங்க.”

“தலைவலியா, வாந்தியா?”

“ரெண்டும்.”

“போன தடவை வெறும் தலைவலின்னு சொன்னியே.”

“முத்திருச்சு.”

இஷே தடுப்புக் கம்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். யோஸ்ட் இதற்குள் டீக்கடையில் இரண்டாவது தட்டு மேகிக்குப் போயிருந்தான். எதையோ பாடிக்கொண்டே சாப்பிட்டான்.

“இந்த வருஷம் மட்டும் எத்தனை தடவை பாவம்! ஒவ்வொரு தடவையும் காசு கட்டி பெர்மிட் வாங்கிட்டுப் படுத்துருது. வேற யாராவதா இருந்தா எப்பவோ ஊருக்குப் போயிருப்பாங்க. என்னா பிடிவாதம் தம்பி அதுக்கு! நான் குடுத்தனுப்பின சுமதாங் ஊத்துத் தண்ணியைக் குடிச்சுதா?”

“குடிச்சாங்க.”

“லாமா மாத்திரை?”

“அதுவும்.”

“அதுக்கப்புறமும் கேக்கலைன்னா இது வியாதி இல்லை. ஏரியில இருக்கிற லூ கோவமா இருக்கு. கதவைச் சாத்திருச்சு.” லூ என்பது நீரில் குடியிருக்கும் நாக தெய்வம், கோபம் வந்தால் சுலபத்தில் ஆறாது. இஷே குரலைத் தாழ்த்தினார். “எங்க சின்னம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

 இஷேயின் சின்னம்மா சாதாரணச் சின்னம்மா இல்லை. சுமதாங் பக்கம் பேர்போன லாமோ. அவள் மேல் சாமி இறங்கும். இறங்கினால் நோயாளியின் வயிற்றில் குழாயை வைத்து நோயை உறிஞ்சிக் கிண்ணத்தில் துப்பிவிடுவாள்.

“அடுத்த தடவை எப்படியாவது பாலம் வரைக்கும் கூட்டிட்டு வந்துரு. மிச்சத்தைச் சின்னம்மா பாத்துக்குவா. வர முடியலைன்னா சொல்லு, லீவு போட்டுட்டு அவளைக் கூட்டிக்கிட்டு நானே லேக்கு வர்றேன். எந்த கெஸ்ட் ஹவுஸ்?”

“அண்ணே, வேணாம்ணே. கூட்டிட்டு வந்துர்றேன்” என்றான் மோருப். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் சொல்லிப் பழகின வாய்க்கு இதுதான் கஷ்டம், நம்மைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிடும்.

இஷே ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆப்ரிகாட் கொட்டைப் பொடி, ஏரிக்கரையில் இருக்கும் கோர்சோக் மடத்து லாமா ஓதிக் கொடுத்த மாத்திரைகள், ஒரு பாட்டில் ஊற்றுத் தண்ணீர். மோருப் அதை வாங்கி இன்னோவாவின் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், இதற்கு முன்னால் வந்த முடிச்சுகளோடு சேர்த்து வைத்தான். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி யார் இந்த மார்கித் என்று கேட்பாள். தூக்கிப் போட முடியாது, லாமா ஓதியது. ஓதிய மாத்திரையை ஆற்றில் போட்டவன் மறுபிறவியில் என்னவாகப் பிறப்பான் என்று மோருப்புக்குச் சிறு வயதிலேயே விவரமாகச் சொல்லியிருந்தார்கள். பேட்ஜுக்காகப் பொய் சொல்லலாம். அதற்காக அடுத்த பிறவியைப் பணயம் வைக்க முடியாது. ஆகவே மார்கித்தின் மருந்துகள் வண்டியோடு லடாக் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஏரியைக் காட்டிவிட்டுத் திரும்பியதும் மோருப் நேராகக் குன்செஸிடம் போனான்.

“சாமியாடியைக் கூட்டிட்டு வர்றேங்கிறார் அக்கா!”

குன்செஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது. “வரட்டும். எனக்குக்கூட முதுகு வலி.”

“என் பேட்ஜு போயிரும்.”

“போகாது. எல்லாத்துக்கும் நடுங்காதே. மார்கித் ஊருக்குப் போயிட்டாள்னு சொல்லிரு. இத்தனை சீக்குக்காரி போகாம என்ன பண்ணுவா? நானும் இனிமே அந்த நகலைத் தொடலை, சரியா? பக்கத்துக் கடைக்கும் சொல்லிர்றேன்.”

அவள் நகலை எடுத்து, மோருப்பின் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மோருப் அன்றைக்குத்தான் வீட்டில் இரண்டு தட்டு மாவுருண்டை போட்ட ஸ்க்யூ சாப்பிட்டான்.

மறுநாள் காலை மார்கித் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

அதே முகம். படத்தைவிடக் கொஞ்சம் வயது கூடியிருந்தது; மயக்கம் மட்டும் இல்லை. முதுகில் பை, கையில் தொப்பி, முட்டி வரை தூசி. குன்செஸ் பேய் பார்த்தவள் போல எழுந்து நின்றாள். ஓரத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த மோருப்புக்குப் புரையேறியது.

“மோருப்!” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “என்னை ஞாபகம் இருக்கா? அஞ்சு வருஷத்துக்கு முந்தி. பூண்டு சூப்பு!”

ஞாபகம் இல்லாமல் என்ன. அஞ்சு வருஷத்துக்கு முன்பு மார்கித் தன் தோழியோடு வந்தார். இருவருக்கும் ஒழுங்காக பெர்மிட் வாங்கியிருந்தது. கிளம்ப வேண்டிய அன்று மார்கித்துக்கு நிஜமாகவே தலை சுற்றி, வாந்தி எடுத்து, மோருப் கொடுத்த பூண்டு சூப்பைக் குடித்துவிட்டு கெஸ்ட் ஹவுஸில் படுத்துவிட்டார். தோழி மட்டும் போனாள். மோருப் அன்று பாலத்தில் இஷேயிடம் “உடம்பு சரியில்லை, லேயில் படுத்திருக்கார்” என்று சொன்னது சத்தியமான உண்மை. அது அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியானதைப் பார்த்த பிறகுதான் குன்செஸுக்கு இந்த யோசனையே வந்தது.

“இந்தத் தடவை ஏரியைப் பாக்காம போக மாட்டேன். நீதான் கூட்டிட்டுப் போகணும், வேற யாரும் வேணாம்” என்றார் மார்கித்.

“உங்க தோழி?” என்று கேட்டாள் குன்செஸ்.

“நான் தனியாத்தான் வந்தேன்.”

குன்செஸ் மோருப்பைப் பார்த்தாள். மோருப் சுவரைப் பார்த்தான். இத்தனை காலம் எல்லோருக்கும் இரண்டாவது ஆளாக இருந்த மார்கித்துக்கு இப்போது ஒரு இரண்டாவது ஆள் வேண்டும்.

“இன்னொருத்தர் சேந்துக்குவாரு, கவலைப்படாதீங்க” என்றாள் குன்செஸ். மேசை இழுப்பறையில் இருந்த மற்றவை எல்லாம் தேதி திருத்த வேண்டிய பழைய நகல்கள். திருத்தாமலே செல்லும்படி மேலாகக் கிடந்தது யோஸ்ட்டின் நகல். அவன் நேற்றுத்தான் மணாலி பஸ் ஏறியிருந்தான். அவளுடைய கை அதை எடுத்தபோது மோருப் பேட்ஜ் போனால் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான், அதனால் கவனிக்கவில்லை. சின்ன வேலை. ஆனால் மோருப் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மார்கித் வெளியே போனதும் அவன், “அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிரலாம். இஷே அண்ணன் எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லச் சொல்லலாம்” என்றான்.

“சொல்லு. அவ என்ன வேலை பாத்தான்னு தெரியுமா?”

“என்ன?”

“வரி ஆபீஸ். சோதனை போடுற அதிகாரி. முப்பது வருஷம் பாத்து ரிடையர் ஆயிருக்கா.”

மோருப் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் மஞ்சள் தொப்பி தெரிந்தது.

வழி நெடுக அவன் ஒரே திட்டம் வைத்திருந்தான். இஷேவுக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை. மார்கித்துக்கு லடாக்கி ஒரு வார்த்தை, வணக்கத்துக்கு ஜூலே. நடுவில் மொழிபெயர்க்கப்போவது மோருப். பாலத்துக்கு எந்தப் பக்கத்தில் யார் நின்றாலும் பேச்சு அவன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

சுமதாங்கில் ஊற்றுத் தண்ணீரின் கந்தக நாற்றம் வண்டிக்குள் வந்தபோது மார்கித், “அழுகின முட்டை மாதிரி இருக்கே. இதை யாராவது குடிப்பாங்களா?” என்று கேட்டார்.

“சில பேர்” என்றான் மோருப்.

வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. தடுப்புக் கம்பில் வண்ணக் கொடிகள் கட்டியிருந்தன. சாவடி முன்னால் கூட்டம். டீக்கடைக்காரி, சாலை போடுகிற ஆட்கள், ஆடு மேய்க்கிற இரண்டு பேர், கோர்சோக்குக்குப் போக வண்டி எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ரப்ஸ்டன் என்ற வழிகாட்டி. எல்லோருக்கும் முன்னால் தேய்த்த சீருடையில் இஷே, இரண்டு கையிலும் வெள்ளைப் பட்டுத் துணியைத் தாங்கி நின்றார். லேயிலிருந்து வந்த பெட்ரோல் லாரிக்காரன் யாரோ செய்தி சொல்லியிருக்கிறான்.

“எல்லாரையும் இப்படித்தான் வரவேற்பீங்களா?” மார்கித் நெகிழ்ந்துபோனார்.

“வழக்கம்தான்” என்றான் மோருப்.

இஷே துணியை மார்கித்தின் கழுத்தில் போட்டார். கண் கலங்கியிருந்தது. “தம்பி, எத்தனை தடவை வாந்தி எடுத்தாங்கன்னு கேளு.”

மோருப் ஆங்கிலத்தில், “இந்த ஏரியைப் பாக்கணும்னு எத்தனை தடவை நினைச்சீங்கன்னு கேக்கிறார்” என்றான்.

“கணக்கே இல்லை! அஞ்சு வருஷமா ராத்திரி படுத்தா இதே நினைப்புத்தான். தூக்கமே வராது.”

“கணக்கே இல்லையாம்ணே. தூக்கமே இல்லையாம்.”

“ஐயோ!” என்றாள் டீக்கடைக்காரி.

“டாக்டர் யாராவது பாத்தாங்களா?”

“நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு கேக்கிறார்.”

“வரி அதிகாரி. ஆயிரக்கணக்கான பேரை நேர்ல பாத்திருக்கேன். ஒருத்தரும் உண்மை சொன்னதில்லை.”

“நிறைய டாக்டரைப் பாத்தாச்சாம்ணே. ஒருத்தரும் சரியா சொல்லலையாம்.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. மோருப்புக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. இதே வேகத்தில் போனால் பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தான். அப்போது கொட்டகைக்குள்ளிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டது.

சாமி பொதுவாகக் காலையில்தான் இறங்கும். வெளிநாட்டுக்காரிக்காக மத்தியானம் இறங்கச் சம்மதித்திருந்தது. உள்ளே சின்னம்மா தலையில் ஐந்து இதழ்க் கிரீடம் கட்டி, கையில் உடுக்கையும் மணியுமாக உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவம். கிரீடம் இல்லாவிட்டால் பட்டாணி விற்கிறவள் என்று சொல்லலாம். கொட்டாவி விட்டாள். விக்கினாள். அப்புறம் குரல் மாறி, யாருடைய குரலோ பேச ஆரம்பித்தது, யாரையும் மதிக்காத குரல்.

“ஆசீர்வாதம் பண்ணுவாங்க” என்றான் மோருப். மார்கித் ஆர்வமாக எதிரே போய் மண்டியிட்டார்.

சாமி அவர் சட்டையின் மேலேயே வயிற்றில் குழாயை வைத்தது. உறிஞ்சியது. கிண்ணத்தில் துப்பியது. கிண்ணத்தில் எதுவும் இல்லை. இடம் மாற்றி உறிஞ்சியது. ஒன்றும் இல்லை. கோபம் வந்துவிட்டது.

“யாருடா இவளைக் கூட்டிட்டு வந்தது? இவ யாக் எருமை மாதிரி இருக்கா! என்னை எதுக்குடா மத்தியானத்துல எழுப்பினீங்க?”

“தாயே, வருஷக்கணக்கா சீக்கு” என்று இஷே கும்பிட்டார்.

“சீக்கு எங்கேன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லித் தரியா?” சாமி மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தது. இடது பக்கம், வலது பக்கம். பிறகு மணியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சின்ன உருவத்தில் எங்கே இருந்தது என்று தெரியாத பலத்தோடு மோருப்பின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியது. குழாய் அவன் தொப்புளுக்குப் பக்கத்தில் இறங்கியது.

அவன் அலறியது பாலத்துக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகளுக்குக் கேட்டிருக்கும். சாமி துப்பியது. கிண்ணத்தில் தார் மாதிரி கறுப்பாக ஏதோ விழுந்தது.

“பாரு” என்றது சாமி. “இதுதான். இவன் உடம்புதான். இன்னும் இருக்கு. முழுசா எடுக்க என்னால ஆகாது, எனக்கு வேற வேலை இருக்கு.” மோருப்பின் முதுகில் ஒரு அறை வைத்துவிட்டு மலையேறியது.

மார்கித் கை தட்டினார். அவர் பார்த்த நிகழ்ச்சிகளிலேயே இதுதான் சிறப்பாக இருந்ததாகச் சொன்னார்.

மோருப்பை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தலை லேசாக இருந்தது. வயிறு எரிந்தது. இஷே குழம்பிப் போய்ப் பக்கத்தில் வந்து நின்றார். சீக்குக்காரிக்குச் சீக்கு இல்லை, கூட்டிவந்தவனுக்கு இருக்கிறது. அவருக்குப் புரியவில்லை. புரியாதபோது எல்லாக் காவலர்களும் செய்வதை அவரும் செய்தார்.

“பெர்மிட்டைக் குடு தம்பி.”

கொடுத்தான்.

“மார்கித்லே. சரி. இந்த இன்னொருத்தர்?”

மோருப்பின் வாய் வேலையை ஆரம்பித்துவிட்டது. “உடம்பு சரியில்லைண்ணே. லேயில படுத்திருக்கார்.”

இஷே பெர்மிட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “யோஸ்ட்டா? அந்த நெட்டையனா? போன வாரம் இங்க பாடிக்கிட்டே மேகி தின்னானே. ஏரி பாத்துட்டு திரும்பும்போது என்னைத் தூக்கித் தட்டாமாலை சுத்தினானே!”

டீக்கடைக்காரி, “ரெண்டு தட்டு” என்று நினைவூட்டினாள்.

 ரப்ஸ்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். அவனும் பேட்ஜ் வைத்திருப்பவன்தான். இந்தப் பொய்யை அவனும் இதே இடத்தில் நின்று சொல்லியிருப்பான்.

இஷே கோபப்படவில்லை. வண்டியைப் பார்த்து நடந்தார். மார்கித்தின் பை டிக்கிக்குள் சரியாக நுழையாமல் துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சரியாக வைப்பவர் போல டிக்கியைத் திறந்து, பையை எடுத்து, தார்ப்பாயை விலக்கினார்.

எல்லாம் அப்படியே இருந்தன. அவர் கட்டிய முடிச்சுகள், அவர் போட்ட முடிச்சு அவிழாமலே. ஊற்றுத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக. மடத்து மாத்திரைகள், தாயத்து, ஆடு மேய்க்கிறவன் மனைவி கொடுத்த வெண்ணெய். அது உருகி ஸ்டெப்னியில் வழிந்திருந்தது.

“தூக்கிப் போடலியா?” என்று கேட்டார் இஷே.

“லாமா ஓதினதுண்ணே. எப்படிப் போடுறது.”

“ஓ. அந்தப் பயம் இருக்கு.” அவர் ஒரு முடிச்சைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். “இதுக்காக நான் கோர்சோக் வரைக்கும் நடந்து போனேன் தெரியுமா? லிப்ட் கிடைக்கலை.”

 மோருப்புக்குச் சொல்லத் தெரிந்த ஒரே பதில் பழைய பதில்தான். கழுத்திலிருந்து பேட்ஜைக் கழற்றித் தானே நீட்டினான். இஷே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் போட்டார். மோருப்புக்கு அந்தப் பொத்தானின் சத்தம் நம்கைலின் சிரிப்பு மாதிரி கேட்டது.

அந்தப் பக்கம் மார்கித் தடுப்புக் கம்புக்கு முன்னால் நின்று மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஷே அவரையே பார்த்தார்.

“சட்டப்படி இவங்களைத் திருப்பி அனுப்பணும்.”

“ஆமாண்ணே.”

“இந்தப் பாலத்துல என் கையெழுத்துல இவங்க ஒன்பது தடவை வராம போயிருக்காங்க. முதல் தடவையா வந்து நிக்கும்போது போகாதேன்னு சொல்றதா?” தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ரப்ஸ்டன்! உன் பேட்ஜு செல்லுமா? வண்டி ஓட்டுவியா?”

“செல்லும்ணே. ஓட்டுவேன்.”

“கூட்டிட்டுப் போ. ஒழுங்கா காட்டி, ஒழுங்கா கொண்டு வா. இன்னொருத்தர் எங்கேன்னு அங்க யாராவது கேட்டா என்கிட்ட கேக்கச் சொல்லு.” பிறகு மோருப்பின் பக்கம் திரும்பினார். “நீ போக முடியாது. உனக்கு உடம்பு சரியில்லை.”

இதை மார்கித்துக்குச் சொல்ல இஷேயின் பத்து ஆங்கில வார்த்தைகளே போதுமானவையாக இருந்தன. “கைடு சிக். வெரி சிக்.” அவர் மோருப்பின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவனுக்குப் பூண்டு சூப்பு கொடுக்கச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அவர் ஏரியில் இருந்த நாட்கள் முழுக்க மோருப் தகரக் கொட்டகையில் இருந்தான். டிக்கியில் இருந்தவற்றை எல்லாம் இஷே ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார். மருந்து வீணாகக் கூடாது என்றார். முதல் முடிச்சிலிருந்து தொடங்கினார்கள். வெயிலில் பழுத்த ஊற்றுத் தண்ணீரின் ருசியை மோருப் அதன்பின் யாரிடமும் விவரிக்கவில்லை. லாமா மாத்திரை கற்கண்டு மாதிரி இருந்தது; கொட்டைப் பொடி அப்படி இல்லை. காலையிலும் மாலையிலும் அவன் கொட்டகைக்கும் பின்னால் இருந்த பாறைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். சாலை ஆட்கள் அவன் ஓடுவதைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்திக் கை தட்டினார்கள். அவர்கள் எல்லோரும் மஞ்சள் தொப்பி போட்டிருந்தார்கள்.

“மேலே எழுதி அனுப்பிட்டீங்களாண்ணே?” என்று ஒருநாள் கேட்டான்.

“எதை?”

“என்னைப் பத்தி.”

இஷே டீயில் ங்கம்பே என்ற வறுத்த பார்லி மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். “உன் பேட்ஜைப் பிடுங்கணும்னா பெர்மிட்டுக்குக் கீழே இருக்கிற கையெழுத்து யாருதுன்னு முதல்ல கேப்பாங்க. ஒன்பது தடவை ஒரு பொம்பளையை ஏமாந்து அனுப்பின முட்டாள் யாருன்னு கேப்பாங்க. நான் இங்கதான் இருக்கேன்னு அவங்களுக்கு ஞாபகம் வந்துரும்.” உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். “குடி. இன்னும் மூணு பாட்டில் இருக்கு.”

இன்னோவா திரும்பி வந்த மத்தியானம் மோருப் நடக்கும் நிலைமைக்கு வந்திருந்தான். மார்கித்தின் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. முகத்தில் இப்போது பாஸ்போர்ட் படத்தின் சாயலே இல்லை. இஷேயைக் கண்டதும் இறங்கிவந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னார். மொழிபெயர்க்க மோருப் முன்னால் வந்தான். இஷே கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

“நீ வேணாம். எனக்குப் புரியுது.”

கிளம்பும்போது சட்டைப் பையைத் திறந்து பேட்ஜை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை. துணியால் துடைத்தார்.

“இனிமே உன் வண்டியில வர்ற பேர்ல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா, கட்டிலோட தூக்கிட்டு வா. சின்னம்மா பாத்துக்குவா. குன்செஸ்கிட்டயும் சொல்லு, அவளுக்கு முதுகு வலின்னு கேள்விப்பட்டேன்.”

மோருப் பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அது முன்பு இருந்ததைவிடக் கனமாக இருந்தது, அல்லது அவன் இளைத்திருந்தான்.

 சுமதாங்கில் ஊற்றின் நாற்றம் வந்தபோது மோருப் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினான்.

“கோர்சோக்ல நான் தங்கின வீட்டுப் பொண்ணு நல்லா இங்கிலீஷ் பேசுறா” என்றார் மார்கித்.

“அப்படியா.”

“என்னைப் பாத்ததும் கட்டிப் பிடிச்சு அழுதா. ஊரே எனக்காக வெண்ணெய் விளக்கு ஏத்திச்சாம். கடைசியில நான் பொழைச்சுட்டேனாம்.”

மோருப் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

“முப்பது வருஷம், மோருப். இல்லாத கம்பெனி, இல்லாத தொழிலாளி, செத்துப்போன கூட்டாளி, எல்லாம் பாத்திருக்கேன். இருக்கிற ஆளையே இல்லாத ஆளா வச்சு ஓட்டினவனை இப்பத்தான் பாக்கிறேன்.” அவர் பக்கவாட்டில் திரும்பி, தன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கக்கூடிய அதே பார்வையால் அவனைப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உண்மையைச் சொல்லு. இதுக்கு முந்தி நான் எத்தனை தடவை இந்த ஏரிக்குப் போயிருக்கேன்?”

மோருப் வேகத்தைக் குறைத்தான். வாய் பழக்கப்படி எதையோ எடுத்துக்கொண்டு வந்தது. வயிறு அதைத் தடுத்துவிட்டது.

“எங்க கடை மூலமாவா, பக்கத்துக் கடையையும் சேத்தா?” என்று கேட்டான்.